மறுபடியும் வருபவரின் ரத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ரத்தம் கேட்டுச் சீட்டு வந்ததும் ஒரு குடும்பம் முதலில் யாரைத் தேடுகிறது என்று பார்த்தாலே போதும், நல்ல ரத்தம் என்று நாம் எதை நம்புகிறோம் என்பது விளங்கிவிடும். அண்ணன், தம்பி, மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் தேடுகிறார்கள். அதிலும் இளவயதுக்காரரை, அதிலும் ஆணை. பெண் யாராவது முன்வந்தால், "உனக்கே உடம்பில் ரத்தம் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆள் கிடைத்த பிறகு இன்னொரு கோரிக்கை வரும்: வங்கியில் இருக்கும் பழைய ரத்தம் வேண்டாம், இப்போது எடுப்பதையே ஏற்றுங்கள். உறவு, இளமை, ஆண்மை, புதுமை ஆகிய நான்கையும் பாதுகாப்பின் அடையாளங்களாக வைத்துக்கொண்டுதான் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் சென்னையிலும் குடும்பங்கள் அலைகின்றன. "ஆள் கொண்டு வாருங்கள்" என்று மருத்துவமனைகள் கேட்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. இந்த நான்கில் எதுவும் ஒரு பை ரத்தத்தை நோயாளிக்குப் பாதுகாப்பானதாக ஆக்குவதில்லை என்பது என் வாதம். முன்பே கொடுத்திருக்கிறாரா, மறுபடியும் வருவாரா, கேட்ட கேள்விக்கு அச்சமில்லாமல் உண்மை சொல்லும் நிலையில் இருந்தாரா, சோதனையில் ஏதாவது தெரிந்தால் அவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பவையே கொடையாளரிடம் பார்க்க வேண்டிய தன்மைகள்.

புது ரத்தத்திலிருந்து தொடங்கலாம். அது வெறும் மூடநம்பிக்கை அல்ல என்பதால் பொறுமையாகவே பார்க்க வேண்டும். சேமிப்புத் திரவம் சேர்த்த சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் வரை வைத்திருக்கலாம். நாளாக ஆக அணுக்களின் வடிவம் மாறுகிறது, உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிகிறது, திசுக்களுக்கு ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும் திறன் குறைகிறது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு இப்படிப்பட்ட ரத்தம் உதவுமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்க்கவே பெரிய சோதனைகள் நடந்தன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் தீவிர சிகிச்சையில் இருந்த 2,430 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சராசரியாக 6 நாள் ஆன ரத்தம், மறு பிரிவினருக்கு 22 நாள் ஆன ரத்தம். 90 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 37.0 சதவீதம், இரண்டாவதில் 35.3 சதவீதம். 2017-இல் வெளியான, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முன்னின்று நடத்திய ஆய்வில் சுமார் 4,900 தீவிர சிகிச்சை நோயாளிகள் இருந்தார்கள். அங்கும் புது ரத்தத்தால் பலன் தென்படவில்லை. இந்த நாடுகளில் குளிர்ச்சங்கிலி உறுதியானது, கனடா ஆய்வில் வெள்ளணு நீக்கிய ரத்தமே பயன்பட்டது, இங்கு நிலைமை வேறு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரிதான். ஆனால் அது சுட்டுவது குளிர்பெட்டியின் பராமரிப்பையும் வெள்ளணு வடிகட்டியையும்தான். நேற்று எடுத்த ரத்தம்தான் வேண்டும் என்று அலைவதால் அவை இரண்டும் வந்துவிடப் போவதில்லை.

உறவினர் ரத்தம் பற்றிய நம்பிக்கை இன்னும் ஆழமானது. "எங்க ரத்தம்" என்ற உணர்வுக்கு முன் புள்ளிவிவரம் பேசுவது கடினம். ஆனால் உயிரியல் இங்கே உணர்வுக்கு நேர் எதிராக நிற்கிறது. ஏற்றப்படும் ரத்தத்தில் கொடையாளரின் உயிருள்ள வெள்ளணுக்களும் சிறிதளவு சேர்ந்தே போகின்றன. சாதாரணமாக நோயாளியின் உடல் அவற்றை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். நெருங்கிய ரத்த உறவில் திசு அடையாளங்கள் ஒத்திருப்பதால் சிலருடைய உடல் அவற்றை அடையாளம் காணத் தவறும். உள்ளே தங்கிய அந்த அணுக்களோ நோயாளியின் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கத் தொடங்கும். மிக அரிதாகவே வரும் நோய் இது. ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தத்தால் இதைத் தடுக்கலாம், அந்தக் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எடுத்து பத்து நாளுக்குள் இருக்கும் ரத்தத்தில்தான் அந்த வெள்ளணுக்கள் வலுவோடு இருக்கின்றன. ஆகவே, தம்பியின் ரத்தத்தை எடுத்த கையோடு அண்ணனுக்கு ஏற்றுங்கள் என்று கேட்கும் குடும்பம், தன் அறியாமையால், இந்த நோய்க்கு மிக வாய்ப்பான சேர்க்கையைக் கேட்கிறது.

வயதும் பாலினமும் பற்றிய கதை ஆராய்ச்சியாளர்களையே ஒரு சுற்று சுற்ற வைத்தது. 2016-இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த ஆய்வு, 20 வயதுக்குட்பட்ட கொடையாளர்களின் ரத்தத்தையும் பெண்களின் ரத்தத்தையும் பெற்றவர்களிடையே இறப்பு சற்று அதிகம் என்றது. அடுத்த ஆண்டே ஸ்காண்டிநேவிய நாடுகளின் மிகப் பெரிய பதிவேடுகளை வைத்துப் பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அதே 2017-இல் நெதர்லாந்து ஆய்வொன்று, கருவுற்றிருந்த பெண்களின் ரத்தம் 50 வயதுக்குட்பட்ட ஆண் நோயாளிகளுக்கு ஆகாது போலிருக்கிறது என்றது. பழைய பதிவேடுகளைப் புரட்டிக் காணும் ஆய்வுகளின் பலவீனம் இது. நிறைய ரத்தம் ஏற்றப்பட்டவருக்குப் பலவகைக் கொடையாளர்களின் பைகளும் கிடைத்திருக்கும், அவர் அதிக நோயுற்றவராகவும் இருப்பார். கடைசியில் ஒட்டாவாக் குழுவினரே, தங்கள் பழைய முடிவை உரசிப் பார்க்கும் நேர்மையோடு, 8,719 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆண் ரத்தமா பெண் ரத்தமா என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஏற்றிப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. கொடையாளரின் பண்புகள் பற்றிய விவாதத்தில் இந்த ஓர் ஆய்வுக்கு மற்ற பலவற்றை விட அதிக எடை கொடுக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிளாஸ்மாவின் விஷயம் வேறு. கருவுற்றிருந்த பெண்களின் பிளாஸ்மாவில், குழந்தையின் தந்தைவழித் திசு அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் சிலருக்குத் தங்கிவிடுகின்றன. அவை ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் தீவிர சிகிச்சை நோயாளியின் நுரையீரலைச் சில மணி நேரத்துக்குள் நீரால் நிரப்பிவிட முடியும். 2003 இறுதியில் பிரிட்டன் பிளாஸ்மாவை ஆண் கொடையாளர்களிடமிருந்து எடுக்கத் தொடங்கிய பின் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் கொடையாளர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதால் அந்தப் பலனில் ஒரு பகுதி திட்டமிடாமலேயே கிடைக்கிறது. ஆனால் அந்த ஆண் பெரும்பான்மைக்குப் பின்னால் இருப்பது வருத்தமான காரணம்: கொடைக்கு ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. "உனக்கே ரத்தம் இல்லை" என்ற பேச்சில் இவ்வளவு உண்மை இருப்பது நமக்கு அவமானம். போதுமான ரத்தம் உள்ள பெண்ணின் சிவப்பணுக்களை மறுப்பதற்கு மட்டும் அது ஆதாரமாகாது.

உறவு, இளமை, ஆண்மை, புதுமை என்ற நான்கு அடையாளங்களும் ஒரே பையில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2018 நவம்பர் 30 அன்று விருதுநகர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் தன் உறவினர் ஒருவரின் தேவைக்காக ரத்தம் கொடுத்தார். உறவினருக்குப் பயன்படாத அந்தப் பை சாத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய், டிசம்பர் 3-இல் ரத்தசோகையிலிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்த அந்த இளைஞர், தானே வந்து ரத்த வங்கியிடம் சொன்னார். அதன் பிறகுதான் நடந்தது வெளியே தெரிந்தது. மனமுடைந்த அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அந்த மாத இறுதியில் மதுரையில் இறந்தார். 2016-இலும் அவர் ரத்தம் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று சோதனையில் தெரிந்திருக்கிறது, அவருக்கு அது போய்ச் சேரவில்லை என்பது பின்னால் வந்த செய்தி. பெற்றவர் தீவிர சிகிச்சை நோயாளி அல்ல, ஆனாலும் இந்த நிகழ்வு நம் விவாதத்தின் நடுவில் வைக்க வேண்டியது. ஆண், இளைஞர், பார்வைக்கு ஆரோக்கியமானவர், உறவுக்காக வந்தவர், மூன்றே நாள் ஆன ரத்தம். குடும்பங்கள் கேட்கும் எல்லாமே இருந்தன. இல்லாமல் போனது 2016-ஆம் ஆண்டுப் பதிவேட்டுக்கும் 2018-ஆம் ஆண்டுப் பதிவேட்டுக்கும் இடையில் ஒரு தொடர்பு. தன்னால் பிறருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதே என்று ஓடிவந்து சொன்ன மனிதரைவிட நேர்மையான கொடையாளர் எங்கே கிடைப்பார்? அவரைக் காப்பாற்றத் தவறியது ஒழுங்குமுறை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றத் தவறியதும் அதே ஒழுங்குமுறைதான்.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகளான பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். அப்படியிருக்க கொடையாளர் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். தொற்று உடலில் நுழைந்த நாளுக்கும் சோதனையில் தெரியும் நாளுக்கும் இடையே ஓர் இருட்டு இடைவெளி உண்டு. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளுக்கு அது வாரக் கணக்கு. கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனை அதைச் சுருக்குகிறது, முழுவதும் மூடுவதில்லை. மேலும் அது நம் நாட்டில் கட்டாயமாக்கப்படவில்லை, செலவும் அதிகம். அந்த இடைவெளியைக் காக்கும் ஒரே வேலி, கொடைக்கு முன் கேட்கப்படும் கேள்விப் படிவம். ஐ.சி.யு.வில் அக்கா கிடக்கிறாள், வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள், இவருக்கு மட்டுமே அந்த குரூப். இந்த நிலையில் ஓர் இளைஞர் தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, "ஏன் கொடுக்கவில்லை" என்று குடும்பமே கேட்கப் போகும் கேள்விக்குத் தயாராவாரா? கட்டாயத்தின் கீழ் கிடைக்கும் பதில் எவ்வளவு நல்ல மனிதருடையதானாலும் பலவீனமான பதில். காசுக்குக் கொடுப்பவர் விஷயத்தில் இதை நாடு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது; காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4-இல் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் விலைக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. பாசத்தின் நெருக்கடியும் உண்மையை மறைக்க வைக்கும் என்பதை மட்டும் இன்னும் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு, ஆள் கிடைக்காத குடும்பம் யாரிடமாவது பணம் கொடுத்து "மாமா பையன்" என்று அழைத்து வரும்போது, 1998-இல் வாசல் வழியே வெளியேற்றியது ஜன்னல் வழியே உள்ளே வருகிறது.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கானாவில் நெடுங்காலம் பணியாற்றிய ரத்தமாற்று ஆய்வாளர் ழான்-பியர் அலேன், உறவினர் கொடையை உலக சுகாதார நிறுவனம் ஒதுக்கித் தள்ளுவது தவறு என்று வாதிட்டவர். ஆப்பிரிக்கத் தரவுகளைக் கொண்டு அவர் காட்டியது, முதல்முறையாகக் கொடுக்கும் தன்னார்வலருக்கும் உறவுக்காகக் கொடுப்பவருக்கும் தொற்று விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பது. இதை நான் ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் கூர்மையடைகிறது. தன்னார்வலர் என்ற பட்டத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு முன் கொடுத்தவர், அதற்கும் முன் கொடுத்தவர், ஒவ்வொரு முறையும் சோதனையில் தேறியவர், இந்த முறை வரும்போது அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை ஒரு படிவத்தை விட எவ்வளவோ அதிகம். பாதுகாப்பு அந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. உறவுக்காக ஒருமுறை வந்தவரை அழைத்துப் பேசி, அவசரம் தீர்ந்த பின் தன் விருப்பத்தில் மறுபடி வரச் செய்ய முடிந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அலேனின் எண்ணமும் அந்தத் திசையில்தான் போகிறது.

அப்படியானால் தமிழ்நாடு பெருமைப்படும் ரத்ததான முகாமும் அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டும். முகாமின் சிறப்பு பெரியது. நடிகர்களின் ரசிகர் மன்றங்கள், கட்சி இளைஞரணிகள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், மத அமைப்புகள் என்று எந்த ஊரிலும் நாற்பது பேரைத் திரட்டும் சமூகத் திறன் நமக்கு உண்டு. இந்தத் திறன் இல்லாத இடங்களில் ரத்தத் தரகு எளிதில் செழிக்கும். குறையும் அதே திறனில்தான் இருக்கிறது. தலைவரின் பிறந்தநாள் எல்லா மன்றங்களுக்கும் ஒரே நாள். ஒரே ஞாயிறில் இருநூறு பை வந்து சேர்ந்தால், தட்டணுக்கள் ஐந்தே நாளில் வீணாகும், சிவப்பணுக்களின் கடைசி நாளும் எல்லாப் பைக்கும் ஒன்றாகவே வரும், அதற்கடுத்த வாரம் ஐ.சி.யு. வாசலில் மறுபடியும் சீட்டு எழுதப்படும். முகாமில் முதல்முறை கொடுக்கும் பதினெட்டு வயது மாணவர், நண்பர்கள் வரிசையில் நிற்கும்போது விலகி நிற்கத் தயங்குவார். அவர் மேல் இருக்கும் நெருக்கடி அக்காவுக்காக வந்த தம்பியின் நெருக்கடிக்கு அதிகம் குறைந்ததல்ல. கல்லூரி முடிந்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போனதும் அவருடைய கைப்பேசி எண்ணும் மாறிவிடும். எத்தனை யூனிட் சேர்ந்தது என்று மேடையில் அறிவிக்கிறோம். அதில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தவர்கள் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

திருவண்ணாமலை இந்தக் கேள்வியைத் தனக்கே உரிய விதத்தில் எழுப்புகிறது. மாதந்தோறும் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் கூடும் ஊர். தீபத் திருநாளில் அதற்கும் பல மடங்கு. இவ்வளவு பேர் வருகிறார்களே, கிரிவலப் பாதையிலேயே முகாம் போட்டால் மாவட்டத்துக்கே ரத்தம் கிடைத்துவிடுமே என்ற எண்ணம் எளிதில் தோன்றும். அது தவறான நாள், தவறான இடம். விரதமிருந்து 14 கிலோமீட்டர் நடப்பவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. வயிற்றில் உணவும் உடலில் நீரும் இருக்க வேண்டும் என்பது கொடையின் முதல் விதி. கொடுத்துவிட்டு நடக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். நெரிசலில் அந்தரங்கக் கேள்வி கேட்கத் தனியிடமும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்தவர் விடியற்காலைப் பேருந்தில் ஆந்திரத்துக்கோ கர்நாடகத்துக்கோ போய்விடுவார். சோதனையில் ஏதாவது தெரிந்தால் அவரைத் தேடிச் சொல்வது யார்? சாத்தூரில் நடந்ததை இங்கே நாமே தயாரித்துக்கொள்வதாகும்.

கூட்டத்தைக் கொடையாளராகப் பார்க்கும் முன், நோயாளியாகப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் சொந்தம் எதையும் வைத்துக்கொள்ளாமல் மலையடிவாரத்தில் வாழும் சாதுக்கள் இருக்கிறார்கள். தனியாக வந்து நடக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். ரமணாசிரமத்தைச் சுற்றிக் கடல் கடந்து வந்து தங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே ஆர்எச் நெகட்டிவ் வகையினர், ஐரோப்பியரில் அது பதினைந்து அளவு. அப்படிக் கடல் கடந்து வந்த நெகட்டிவ் வகையினர் ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டால் உள்ளூர் இருப்பு எளிதில் ஈடுகொடுக்காது. செங்கம் சாலையில் நள்ளிரவில் அடிபட்டுப் பெயர் தெரியாமல் கொண்டுவரப்படுபவரும் உண்டு. விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியபோது, அவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்க்காமல் சிகிச்சை தருவது என்று முடிவெடுத்தது மிகப் பெரிய நல்ல காரியம். அந்தப் பெருந்தன்மை ரத்த வங்கியின் ஜன்னலோடு நின்றுவிடலாகாது. ஆள் கொண்டு வா என்ற வழக்கம், ஒவ்வொரு நோயாளிக்கும் வெளியே ஓடக்கூடிய ஓர் ஆண்மகன் இருக்கிறான் என்று கருதிக்கொள்கிறது. இல்லாதவருக்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது? ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து பிரசவத்தில் ரத்தம் கொட்டிய நிலையில் இறக்கப்படும் பெண்ணோடு வந்திருப்பது பல நேரம் ஒரு மாமியார் மட்டும்தான்.

ஆள் கேட்பதை நிறுத்தினால் வங்கி காலியாகிவிடும் என்பது நடைமுறை அறிந்தவர்கள் சொல்லும் மறுப்பு. அவர்கள் பேச்சில் அனுபவம் இருக்கிறது, இன்றைய இருப்பை வைத்துப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகையில் ஒரு சதவீதம் அளவு யூனிட் ஓராண்டில் கிடைத்தால் ஓர் இடத்தின் அடிப்படைத் தேவை தீரும் என்பது உலக அளவில் பழகிய கணிப்பு. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்ட மக்கள்தொகை 24,64,875. அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 24,600 யூனிட். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. நாம் அவ்வளவு கேட்க வேண்டாம், ஆண்டுக்கு இரண்டு முறை போதும். அதற்கு 12,300 பேர் வேண்டும். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம், திருவண்ணாமலை என்று பிரித்தால் ஓர் ஊருக்கு இரண்டாயிரம் பேரைச் சுற்றித்தான் வருகிறது. இது எட்ட முடியாத எண்ணிக்கை அல்ல. மன்றங்களும் கல்லூரிகளும் ஒரே நாளில் குவியாமல் வாரம் ஒன்றாகத் தேதி பிரித்துக்கொள்வது, கொடுத்தவருக்கு நான்காம் மாதம் ஓர் அழைப்பு, சோதனை முடிவை ரகசியமாகவும் உறுதியாகவும் அவர் கையில் சேர்ப்பது ஆகிய மூன்றும்தான் இதற்குத் தேவை. மாற்றம் ஒரே நாளில் வராது என்பதால், ஐ.சி.யு.வுக்கும் பிரசவப் பிரிவுக்கும் மட்டுமாவது ஆள் கேட்காமல் ரத்தம் தருவது என்று தொடங்கலாம். குடும்பம் கொடுக்க விரும்பினால், நோயாளி தேறிய பிறகு வரட்டும்.

விதிமுறையே மனிதரை வகையால் பிரிக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. 2017-இல் வெளியான தேசியக் கொடையாளர் தேர்வு நெறிமுறை, திருநங்கையரையும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களையும் பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களையும் நிரந்தரமாக விலக்குகிறது. அதை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. இந்தக் குழுக்களில் தொற்று விகிதம் அதிகம் என்பது அரசின் வாதம், ஐ.சி.யு. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வகையைக் கொண்டு விலக்கினால் மறைத்துச் சொல்பவர்கள் பெருகுவார்கள், ஆபத்தான நடத்தை உள்ள மணமான ஆண் மட்டும் எந்தக் கேள்வியும் தன்னைத் தொடாமல் உள்ளே போவார். பிரிட்டன் 2021-இலும் அமெரிக்கா 2023-இலும் குழுவை விட்டுவிட்டு ஒவ்வொருவரின் அண்மைக்கால நடத்தையைக் கேட்கும் முறைக்கு மாறின. நாட் சோதனை பரவலாக்கப்படும் வேகத்தோடு சேர்த்து நாமும் அந்தப் பக்கம் நகர வேண்டும் என்றே கருதுகிறேன்.

இத்தனையும் சொன்ன பின், கொடையாளர் பக்கத்தில் மட்டும் ஆபத்தைத் தேடுவதும் ஒரு தப்பித்தல்தான். 1999-இல் வெளியான கனடா ஆய்வு, 838 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனதும் ஏற்றுவதையும் 7-க்குக் கீழே போகும் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டது. காத்திருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 18.7 சதவீதம், உடனே ஏற்றப்பட்டவர்களில் 23.3 சதவீதம், குறைவாக ஏற்றியதால் கெடுதல் எதுவும் வரவில்லை. மாரடைப்பு நோயாளிகளுக்கு இந்த எல்லை பொருந்துமா என்பதில் இன்னும் விவாதம் உண்டு, கொட்டும் ரத்தப்போக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. மற்றப் பெரும்பாலோருக்கு 7 என்பதே இன்று ஏற்கப்பட்ட எல்லை. டெங்குக் காலத்தில் தட்டணு எண்ணிக்கை குறைந்ததும் குடும்பங்கள் பிளேட்லெட்டுக்கு ஓடும் ஓட்டத்துக்கும் இது பொருந்தும்; ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் பயனில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான சோதனை காட்டியது. எழுதத் தேவையில்லாத சீட்டுகள் நின்றால், ஆள் தேடும் நெருக்கடியின் ஒரு பகுதி தானே கரையும்.

ஏற்றும் நேரத்துக்கும் தனியாக ஒரு கவனம் வேண்டும். பிரிட்டனில் 1996 முதல் ரத்தமாற்றத் தீங்குகளைத் தொகுத்து வரும் அமைப்புக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பான்மை, பெயரைச் சரிபார்க்காமை, தவறான மாதிரிக் குப்பி போன்ற மனிதப் பிழைகளைப் பற்றியவை. மயக்கத்தில், வாயில் குழாயோடு கிடப்பவர் "அது என் பெயர் இல்லை" என்று சொல்ல மாட்டார். பெயரே தெரியாத விபத்து நோயாளிகள் இருவர் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இரவில், கைப்பட்டையில் எழுதிய எண் ஒன்றுதான் அவர்களின் அடையாளம். தீமை நேர்ந்தாலும் அது ஐ.சி.யு.வில் எளிதில் ஒளிந்துகொள்ளும். காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் விழுந்தது, ஆக்சிஜன் குறைந்தது என்றால் எல்லாவற்றையும் அடிப்படை நோயின் கணக்கில் எழுதிவிட முடியும். 2012 டிசம்பரில் தொடங்கிய இந்திய ரத்தமாற்றக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்ப ஒரு படிவமும் கால் மணி நேரமும் போதும். ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் நுரையீரல் நீர்கோத்தால், பணியிலிருக்கும் மருத்துவர் காலிப் பையைக் குப்பையில் போடாமல் ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வங்கி அந்தப் பையின் எண்ணைக் கொண்டு கொடையாளரின் பதிவை எடுத்து, அதே கொடையிலிருந்து பிரித்த பிளாஸ்மாவும் தட்டணுவும் எந்த வார்டுக்குப் போயின என்று அன்றே தேடி நிறுத்த வேண்டும். பிறகு அந்தக் கொடையாளரை அழைத்து, என்ன நேர்ந்தது, அவர் உடலில் என்ன தெரிந்தது, இனி சிவப்பணு மட்டும் கொடுக்கலாமா, கொடுப்பதையே நிறுத்த வேண்டுமா என்பதை ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவருக்குச் சொல்ல வேண்டும்.